இரவல் சில்லுகளில் மலையேறியவர்கள்

“இஞ்சேருங்கோ, மருந்து உறைஞ்சு போச்சு.”

தொலைபேசியில் மனைவி திலகவதியின் குரல் காற்றின் இரைச்சலுக்குள் இருந்து வந்தது. கமலேந்திரன் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தான். மருந்துப் பையை இரவு வான் வண்டிக்குள்ளேயே மறந்து விட்டுவிட்டதாகவும், விடியத்தான் நினைவு வந்து போய் எடுத்ததாகவும், ஊசிப் பேனைக்குள் மருந்து பனிக்கட்டியாக நின்றதாகவும் அவள் சொன்னாள். பிள்ளை ஒருதரம் வாந்தி எடுத்துவிட்டாள் என்றாள். அதன் பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நோர்வே நாட்டின் வடக்கு விளிம்பில் ஹவ்ஸ்விக் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரே ஒரு சாலை. அது மரம் ஒன்றுகூட இல்லாத ஒரு மேட்டுநிலத்தைக் கடந்து போகிறது. பனிக்காலத்தில் அந்தச் சாலை திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதைக் காற்றுத்தான் முடிவு செய்யும். மகள் நிதுசாவைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு நகரத்துக்கு அழைத்துப்போன திலகவதி, திரும்பி வரும் வழியில் புயலில் அகப்பட்டாள். வான் சறுக்கிப் பனிக்குவியலில் புதைந்தது. நல்ல வேளையாகப் பக்கத்தில் வழிப்போக்கர்களுக்கென்று கட்டிய மரக்குடில் ஒன்று இருந்தது. அடுப்பும் விறகும் இருந்தன. தாயும் மகளும் இரவைப் பத்திரமாகக் கழித்துவிட்டார்கள் என்றுதான் கமலேந்திரன் நினைத்திருந்தான்.

நிதுசாவுக்கு எட்டு வயது. நீரிழிவு உள்ள பிள்ளை. காலையும் மாலையும் இன்சுலின் ஏறாவிட்டால் அவள் இரத்தமே அவளுக்கு நஞ்சாகிவிடும். உறைந்த இன்சுலினோ வெறும் தண்ணீருக்குச் சமம்.

அவன் அவசர இலக்கத்தை அழைத்தான். அங்கிருந்தவர்கள் பரிவோடு பேசினார்கள். ஆனால் ஹெலிகொப்டர் இந்தக் காற்றில் எழும்பாது என்றார்கள். நகரத்துப் பக்கமிருந்து வந்த பனி அள்ளும் வண்டியைச் சரிந்து விழுந்த பனி மறித்துவிட்டதாம். மீட்புக் குழுவும் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். காற்று அடங்கியதும் வருவார்கள். அநேகமாக நாளை காலை. ஊர்ச் சுகாதார நிலையத்துத் தாதியிடம் கேட்டபோது அவள் நேராகவே சொன்னாள்: நாளை காலை மிகவும் பிந்திவிடும். வெளிச்சம் போவதற்குள் மருந்து உடம்பில் ஏற வேண்டும்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் புதிய பேனைகள் இருந்தன. முற்றத்தில் ட்ராக்டர் நின்றது.

அந்தப் பழைய ட்ராக்டரை அவன் இலையுதிர்காலத்தில்தான் வாங்கியிருந்தான். கிளிநொச்சியில் வயல் உழுது வளர்ந்தவனுக்கு, மீன் வெட்டும் கைகள் ஸ்டீயரிங்கைத் தேடிக்கொண்டே இருந்தன. வாங்கிய அன்றே முன்கண்ணாடியில் ஒரு பிள்ளையார் படம் ஒட்டினான். அடுத்த வேலையாக, தன் பிறந்த ஊரில் எல்லாரும் செய்வதுபோல, பின்சக்கரச் சில்லுகள் இரண்டுக்குள்ளும் குழாயைச் செருகி முக்கால்வாசிக்குத் தண்ணீர் நிரப்பினான். சில்லில் பாரம் இருந்தால்தான் சேற்றில் பிடிக்கும். வன்னியில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. கடலோரக் குளிர் அவ்வளவு கடுமையானதல்ல. ட்ராக்டரும் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. ஆகவே இதுவரை ஒரு குறையும் தெரியவில்லை. போன வாரம்தான் குளிர் இறுகிப் பனி கொட்டிலின் கதவை மூடிவிட, அவன் அதை வெளியே விட்டிருந்தான்.

அவனோடு போக இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அவனுடைய அக்காள் மகள் துவாரகா; ஹவ்ஸ்விக்கிலேயே பிறந்தவள், வாகனத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். மற்றவன் தொழிற்சாலைத் தோழன் சின்னராசா. இருபது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தும், ஒவ்வொரு பனிக்காலத்தையும் யாரோ தனக்குச் செய்த துரோகம்போல ஏசுகிறவன்.

கமலேந்திரன் இயந்திரத்தை முடுக்கினான். ட்ராக்டர் நகர்ந்தது, ஆனால் உருளவில்லை. நொண்டி மாடுபோலத் துள்ளியது. வாசலில் இருந்த சிறிய ஏற்றத்தில்கூட ஏறாமல் வழுக்கி இறங்கியது. துவாரகா குதித்து இறங்கிப் பின்சில்லைச் சாவியால் தட்டினாள். கருங்கல்லில் தட்டிய சத்தம் கேட்டது.

“மாமா, சில்லுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?”

“தண்ணி. வேறென்ன விடுறது?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். உள்ளே முழுவதும் இறுகிவிட்டது, ரப்பர் நசிந்து நிலத்தில் படிந்தால்தான் பிடி கிடைக்கும், இது இப்போது கல்லுச் சில்லு என்று விளக்கினாள். இதை உருக்க இன்றைக்கு முடியாது.

“அண்ணை, கிளிநொச்சியிலை இதை வச்சு உழுதிருப்பம்,” என்றான் சின்னராசா. “இஞ்சை ஐஸ்பழம்தான் விக்கலாம்.”

கமலேந்திரன் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மருந்து இருக்கிறது, வண்டி இருக்கிறது, தெரிந்த தொழில். தன் கையாலேயே விட்ட தண்ணீர் மகளுக்கும் தனக்கும் நடுவே கல்லாக நிற்கிறது. “முருகா, நான் என்ன செய்து வச்சிருக்கிறன்,” என்று அவன் முனகினான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஓலாவ் என்ற தனியாள் அங்கே இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஊன்றுகோலோடு நடக்கிறவர். யாரோடும் பேசமாட்டார். தமிழர்களோடும் பேசமாட்டார், நோர்வேக்காரரோடும் பேசமாட்டார். அன்றைக்கு அவர் தம் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கி வந்து, விஷயம் என்னவென்று துவாரகாவிடம் கேட்டார். கேட்டு முடித்ததும், தம் களஞ்சியத்தில் இதே வகை ட்ராக்டர் ஒன்று எஞ்சின் செத்துக் கிடக்கிறது, சில்லுகள் நன்றாக இருக்கின்றன, உள்ளே உறையாத உப்புக் கரைசல், வெளியே சங்கிலி, கழற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

கமலேந்திரன் நம்பாமல் அவரைப் பார்த்தான். அவர் தம் படிகளைக் காட்டி ஏதோ சொன்னார். துவாரகா அதைத் தமிழில் சொன்னாள்.

“படியைப் பாக்கச் சொல்லுறார், மாமா. இந்தப் பனிக்காலம் முழுக்க அவர் ஒருக்காலும் விழேல்லையாம். ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறார்.”

அவனுக்குத் தெரியாது. படிகள் சாம்பல் நிறமாக, சொரசொரப்பாக இருந்தன. தினமும் விடியற்காலையில் திலகவதி அடுப்புச் சாம்பல் வாளியோடு வெளியே போவதை அவன் பார்த்திருக்கிறான். குப்பையில் கொட்டப் போகிறாள் என்று நினைத்திருந்தான்.

அரைவாசி ஊர் திரண்டுவிட்டது. தொழிற்சாலைக் கங்காணி ஃபோர்க்லிஃப்ட்டை அனுப்பினார். உறைந்த சில்லுகள் கழன்றன. ஓலாவின் சில்லுகள் ஏறின. காற்றைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள், தடம் அகலமாகும் என்றார் ஓலாவ். பின்னால் பாரத்துக்காக உப்பு மூட்டைகளை வைத்துக் கட்டினார்கள். துவாரகா இன்சுலின் பேனைகளைத் துணியில் சுற்றித் தன் உள்சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக் கட்டிக்கொண்டாள். இன்னொரு தரம் அது உறையக் கூடாது. மீட்பு நிலையத்துக்கும் அவளே அறிவித்தாள். போக வேண்டாம் என்றார்கள். போவதானால், சாலையோரக் கம்பங்களை விட்டு மட்டும் விலகாதீர்கள் என்றார்கள்.

ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் காற்று வண்டியில் மோதியது.

முதல் வளைவுகளில் ட்ராக்டர் அழகாக ஏறியது. கொஞ்ச தூரம் ஓடியதும் துவாரகா நிறுத்தச் சொன்னாள். ஓட ஓடச் சங்கிலி தளரும் என்று சொல்லி, இறங்கி இறுக்கிவிட்டு ஏறினாள். அவளுடைய புருவத்தில் வெண்பனி ஒட்டியிருந்தது. பிறகு கூரைபோல் சாய்ந்த ஒரு நீண்ட ஏற்றம் வந்தது. அங்கே காற்று வெண்பனியை முழுதும் வழித்து எடுத்துவிட்டிருந்தது. சாலை கண்ணாடியாய்ப் பளபளத்தது.

சில்லு ஒருதரம் சுழன்றது. கமலேந்திரனின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தியது. சேற்றில் அப்படித்தான்: விட்டுக்கொடுக்காமல் மிதித்தால் சில்லு தோண்டிப்போய்க் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடித்துவிடும். இங்கே கீழேயும் பனிக்கட்டிதான். ட்ராக்டரின் பின்புறம் பக்கவாட்டில் நழுவியது.

“மிதிக்காதேங்கோ மாமா. காலை எடுங்கோ. காலை எடுங்கோ எண்டுறன்.”

அவன் எடுத்தான். அவனுக்கு அது உயிரைக் கையால் பிடுங்கி எறிவதுபோல் இருந்தது. மகள் மேலே கிடக்கிறாள். அப்பன் காலைத் தூக்க வேண்டும். வண்டி நின்றது. துவாரகா பெரிய கியரில் போடச் சொன்னாள். எஞ்சினை முணுமுணுக்க மட்டும் விடச் சொன்னாள். சில்லுக்குப் பலம் கூடினால் சுழலும், குறைந்தால்தான் பிடிக்கும் என்றாள். அவன் அப்படியே செய்தான். சங்கிலிப் பற்கள் பனிக்கட்டியை நறுக்நறுக்கென்று கடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக மேலே ஊர்ந்தன.

“இந்த வேகத்துக்கு நத்தையே ஹோன் அடிச்சு வழி கேக்கும்,” என்றான் சின்னராசா. சொல்லிவிட்டுக் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். அவனும் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றவன்.

மேட்டுநிலத்தில் ஏறியபோது உலகம் காணாமல் போயிற்று. வானமும் தரையும் ஒரே வெள்ளை. சின்னராசா பக்கக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, அடுத்த கம்பம் தெரியும்போதெல்லாம் சொன்னான். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம். அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. இடையிடையே துவாரகா நெஞ்சில் கைவைத்துப் பேனைகள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தாள். கமலேந்திரன் வாய் ஓயாமல் திருநீற்றுப் பதிகத்தின் ஓரிரு அடிகளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், மற்றவை மறந்துபோயின. வெளிச்சம் சாம்பலாக மங்கத் தொடங்கியிருந்தது.

குடில் ஒரு சிறிய மேட்டின் மேல் இருந்தது. அந்த மேட்டின் அடியில்தான் திலகவதியின் வான், கூரை மட்டும் தெரியப் புதைந்து கிடந்தது. அதைக் கண்டதும் மூவருக்கும் உயிர் வந்தது. கூப்பிடு தூரம் அவ்வளவுதான். கமலேந்திரன் ஏற்றத்தில் வண்டியை விட்டான்.

பாதி ஏறியபோது வலப்பக்கத்தில் படார் என்று ஒரு சத்தம். சங்கிலி அறுந்து சாட்டைபோல் சில்லுக்காப்பில் அடித்துவிட்டுக் கீழே விழுந்தது. வெறும் ரப்பர் கண்ணாடிப் பனியில் சுழன்றது. மற்றச் சில்லின் சங்கிலி மட்டும் பிடிக்க, வண்டி கோணலாகத் திரும்பியது. பிறகு பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. கமலேந்திரன் முன்னால் இருந்த பனி அள்ளும் தகட்டைத் தரையில் அழுத்தினான். அது பனிக்கட்டியைக் கீறிக்கொண்டு போய், ஒரு கம்பத்தை முறித்து, சாலையின் விளிம்பில் நின்றது. அதற்கு அப்பால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைதான் இருந்தது.

துவாரகா நடந்து போகிறேன் என்று கதவைத் திறந்தாள். ஓரடி வைத்தாள். காற்று அவளைத் தட்டி வீழ்த்தி, வழவழத்த சரிவில் வண்டிச் சில்லுவரை இழுத்துவந்தது. மீண்டும் எழுந்தாள், மீண்டும் விழுந்தாள். ஊர்ந்து பார்த்தாள். கைகளுக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. சின்னராசா அவள் காலைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டான்.

“விழுந்து பேனை உடைஞ்சுதெண்டா என்னடி செய்யிறது?” என்று கத்தினான். பிறகு தானே இறங்கி உப்பு மூட்டையைக் கிழித்துச் சில்லுக்கடியில் கைகையாக வாரி இறைத்தான். அந்தக் குளிரில் உப்பு எதையும் உருக்கவில்லை. கண்ணாடி மணிகள்போல உருண்டு காற்றோடு போயிற்று. கோட்டைக் கழற்றிச் சில்லுக்கடியில் போட்டான். சில்லு அதை விழுங்கிப் பின்னால் துப்பியது.

இனி எதுவும் இல்லை. கமலேந்திரன் ஹோனில் கையை வைத்து அழுத்தினான். எடுக்கவே இல்லை. “திலகா,” என்று கண்ணாடியை நோக்கிக் கத்தினான். “திலகா, வந்திட்டன். இஞ்சைதான் நிக்கிறன். ஏற முடியேல்லை.” அந்தக் குரல் வண்டிக்குள்ளேயே நின்றது. பிள்ளையார் படத்தை நிமிர்ந்து பார்த்து, என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று வேண்டினான். அப்பன்மார் எல்லாரும் அப்படித்தான் வேண்டுகிறார்கள்.

அப்போது சின்னராசா அவன் தோளைப் பிடித்தான்.

மேலே, வெள்ளைக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்துகொண்டிருந்தது. அது விழவில்லை. ஒரு கையில் வாளி. மறு கையில் அகப்பை. குனிந்து எதையோ தரையில் வீசும், சற்று நிற்கும், வீசிய இடத்தில் கால் வைக்கும். மறுபடி குனியும். ஓலாவின் படிகளில் இறங்குவதுபோலத் திலகவதி அந்த மலையில் இறங்கி வந்தாள்.

உலர்ந்த சாம்பலைக் காற்று கொண்டுபோய்விடும். இதை அவள் பனிக்காலத்தின் தொடக்கத்திலேயே ஓலாவின் வாசலில் கண்டுகொண்டிருந்தாள். அதனால் பூசைக்குத் திருநீறு குழைப்பதுபோலச் சாம்பலைச் சுடுநீரில் குழைத்து வீசப் பழகியிருந்தாள். சூடான சாம்பல் பனிக்கட்டியில் விழுந்ததும் கொஞ்சம் உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். அடுத்த நொடி அப்படியே உறைந்து உப்புத்தாள்போலச் சொரசொரப்பாகிவிடும். குடிலில் முன்பு தங்கியவர்கள் எல்லாரும், அங்குள்ள வழக்கப்படி, அடுப்புச் சாம்பலை ஓர் இரும்புப் பீப்பாயில் சேர்த்துவைத்துப் போயிருந்தார்கள். ஹோன் சத்தம் கேட்டதும், அடுப்பில் கொதித்த பனிநீரை எடுத்து அதில் ஊற்றிவிட்டாள்.

வண்டிக் கதவைத் திறந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “மருந்து சூடாக் கிடக்கோ?”

“என்ரை நெஞ்சுக்குள்ளை கிடக்கு, மாமி.”

“அப்ப ஓடு பிள்ளை. நான் வச்ச அடியிலை மட்டும் கால் வை. கூப்பிட்டா முழிக்கிறாளில்லை.”

துவாரகா ஓடினாள். சாம்பல் அடிகள் ஒவ்வொன்றும் அவள் பாதத்தைப் பிடித்து நிறுத்தின. அவள் வெள்ளைக்குள் மறைந்ததும் கமலேந்திரனும் இறங்கப் பார்த்தான். திலகவதி விடவில்லை. ஊசி போடத் துவாரகாவுக்கும் தெரியும், ட்ராக்டர் மெசின் ஏறாவிட்டால் பிள்ளையை எப்படிக் கீழே கொண்டுபோவது என்று கேட்டாள். மிச்சச் சாம்பலைச் சில்லுகளின் முன்னால் இரண்டு கோடாக வீசினாள். சின்னராசா வாளியை வாங்கிக்கொண்டு மேலே போனான், நிரப்பிக்கொண்டு இறங்கினான், மீண்டும் போனான். கமலேந்திரன் இரு சில்லும் ஒன்றாகச் சுழலப் பூட்டைப் போட்டு, காலைப் பெடலில் பூப்போல வைத்தான்.

ரப்பர் சாம்பலைத் தொட்டது. ஒரு கணம் யோசித்தது. பிறகு பிடித்தது.

குடிலின் வாசலில் ட்ராக்டர் நின்றபோது துவாரகா கதவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கமலேந்திரன் வண்டியிலிருந்து குதித்து ஓடினான். அவள் அவசரமாகத் தலையாட்டினாள்: போட்டாயிற்று, மூச்சு வருகிறது. உள்ளே நிதுசா போர்வைக்குள் ஒரு குருவிக்குஞ்சுபோலக் கிடந்தாள். மூச்சு ஆழமாக, அவசரமாக ஓடியது. தாய் பிள்ளையின் உதட்டில் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பில் விறகு மட்டும் வெடித்தது. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவு அசையாமல் நின்றது.

பிறகு அளவு கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். பிள்ளை கண்ணைத் திறந்து தகப்பனைக் கண்டாள்.

“அப்பா, எனக்கு ரெண்டாம் இடம்,” என்றாள். “முதலாமிடம் தரேல்லை. ஒரு வரி மறந்திட்டன்.”

கமலேந்திரன் சிரிக்க முயன்றான். “நானும் மறந்துதான் வந்தனான், குஞ்சு,” என்றான்.

காற்று சற்றுத் தணிந்ததும் அவர்கள் இறங்கினார்கள். அறுந்த சங்கிலியைச் சின்னராசா கம்பியால் முடிந்து மாட்டியிருந்தான். வண்டிக்குள் எல்லாருக்கும் இடமில்லை. அவனும் துவாரகாவும் குடிலில் தங்கிக்கொண்டார்கள். விடிந்ததும் பனி வண்டி வந்து தங்களை ஏற்றும்வரை, அடுத்து வரப்போகிற யாரோ ஒருவருக்காக விறகைப் பிளந்து அடுக்கினார்களாம். சாம்பலையும் ஒரு சிட்டிகை சிந்தாமல் பீப்பாயில் சேர்த்தார்களாம். கமலேந்திரன் சின்னக் கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சினின் இழுவையிலேயே மலையை இறங்கினான். ஏறும்போது விட்ட தடங்களைச் சங்கிலி ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு வந்தது. ஊரின் எல்லையில் தாதி அம்புலன்ஸோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தொழிற்சாலையே நின்றது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அம்புலன்ஸ் வீட்டைக் கடந்தபோது, எதிர்வீட்டு ஜன்னலில் ஓலாவ் விளக்கை ஒருதரம் அணைத்து ஏற்றினார்.

நிதுசா இரண்டு நாள் கழித்து வீடு வந்தாள். கமலேந்திரன் சில்லுகளைத் திருப்பித் தரப் போனபோது, உன்னுடைய பனிக்கட்டி உருகும்வரை வைத்திரு என்று சொல்லிவிட்டு ஓலாவ் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடவுள் பெரிய கையை நீட்டித் தூக்கிவிடுவார் என்றுதான் நாம் மேலே பார்த்து நிற்கிறோம். அவர் பெரும்பாலும் ஒரு வாளிச் சாம்பலை யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறார். அதை நம் கையில் தரும் காலைகளும் உண்டு. அன்றைக்கு அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.

நிதுசா வீடு வந்த மறுநாள் விடியற்காலையில் திலகவதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். வாளியைக் காணவில்லை. ஜன்னலால் பார்த்தாள். எதிர்வீட்டுப் படியில் கமலேந்திரன் முழந்தாளிட்டு, குழைத்த சாம்பலை ஒவ்வொரு படியிலும் பொறுமையாக அப்பிக்கொண்டிருந்தான். அவன் மூச்சும் சாம்பலின் ஆவியும் ஒன்றாக எழுந்தன.

“கையால அப்பாதேங்கோ,” என்று அவள் ஜன்னலைத் திறந்து சொன்னாள். “அகப்பையால வீசுங்கோ. அப்பத்தான் பிடிக்கும்.”